கண்டவர் காணாதவர்க்கு உரைத்தது: புனித நாட்டுத் திருப்பயணமும் வழிகாட்டியின் சொல்லும்

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையுற்று எதிர்வரும் மற்றொருவர்க்குத் தாம் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் எடுத்துரைத்து வழிப்படுத்துவது இவ்விலக்கியத்தின் இயல்பு. இவற்றுள் திருமுருகாற்றுப்படை மட்டும் புரவலனை விடுத்து இறைவனிடத்து ஆற்றுப்படுத்துகிறது. தலங்களைப் பெயர் சுட்டி, ஒவ்வொன்றாக அழைத்துச் செல்கிறது. கண்டவர் காணாதவர்க்கு உரைத்தல் என்னும் இவ்வமைப்பு தமிழில் தனியோர் இலக்கிய வகையாக வளர்ந்தது. வேறு நிலத்தில், வேறு சமயத்தில், வேறு தேவையால் இதே அமைப்பு ஓர் உரைநடை மரபையும் தோற்றுவித்தது. கிறித்தவத் திருப்பயணிகள் புனித நாட்டைப் பற்றி எழுதி வைத்த நூல்களின் வரிசையே அம்மரபாகும்.

இக்காலத்தில் ஒரு கத்தோலிக்கத் திருப்பயணக் குழு எருசலேம் செல்லுமாயின், அதனுடன் ஒரு குருவும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் செல்வர். பேருந்து ஓரிடத்தில் நிற்கும். வழிகாட்டி அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்வார். குரு அவ்விடத்துக்குரிய விவிலியப் பகுதியை வாசிப்பார். ஒரு செபமும் ஒரு பாடலும் முடிந்தபின் குழு அடுத்த இடத்துக்குப் புறப்படும். இது பயண நிறுவனங்கள் வகுத்த புதுமுறை என்று தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்னரே இம்முறை வழக்கில் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அச்சான்றை நமக்கு விட்டுச் சென்றவர் ஒரு பெண்.

இம்முறையில் இடம், அவ்விடத்தைப் பற்றி வழிகாட்டி கூறும் சொல், பயணியின் கண் ஆகிய மூன்றும் கூடுகின்றன. இம்மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சொல் சில வேளை கண்ணை மறைக்கிறது; சில வேளை இடத்தையே மாற்றிவிடுகிறது. அவ்வாறு ஒவ்வாத இடத்தில் எழுதுகோல் பிடித்தவர் என்ன செய்தார் என்பதே திருப்பயண நூலின் தரத்தை அளக்கும் கோல் எனலாம். அக்கோலைக் கொண்டு அம்மரபின் சில நூல்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் எண்ணிய பயணி

கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் ஹெலெனா ஏறத்தாழ 326ஆம் ஆண்டில் பாலஸ்தீனம் சென்றார். இயேசுவின் கல்லறை என்று கருதப்பட்ட இடத்தில் பேரரசர் எழுப்பிய ஆலயம் 335இல் அருட்பொழிவு பெற்றது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 333ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரிலிருந்து ஒருவர் எருசலேம் சென்று திரும்பினார். அவர் பெயர் தெரியவில்லை. அவர் எழுதிய குறிப்பே இன்று நமக்குக் கிடைக்கும் கிறித்தவத் திருப்பயணக் குறிப்புகளுள் மிகப் பழமையானது.

அந்நூலின் பெரும்பகுதி வெறும் வழிக்கணக்கு. குதிரை மாற்றும் இடம், இரவு தங்கும் சாவடி, இடைப்பட்ட தொலைவு என்று ஊருக்கு ஊர் எண்ணிக்கொண்டே செல்கிறார். பாலஸ்தீன எல்லையை அடைந்ததும் அந்தக் கணக்குப் புத்தகம் பேசத் தொடங்குகிறது. இன்ன இடத்தில் இன்னது நிகழ்ந்தது என்று அங்குள்ளோர் காட்டியவற்றை ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். வியப்போ உருக்கமோ எங்கும் இல்லை. ஆயினும் எருசலேம் ஆலயம் இடிந்து கிடந்த இடத்தில் துளையுடைய கல் ஒன்று இருந்ததையும், யூதர் ஆண்டுதோறும் வந்து அதற்கு எண்ணெய் பூசி, ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுது சென்றதையும் அவர் பதிந்துள்ளார். தம் சமயத்தைச் சாராத மக்களின் துயரத்தை ஒரு தொடரில் எழுதி வைத்த அந்தப் பெயரற்ற பயணியால்தான் அக்காலத்து யூதர் வழக்கம் ஒன்று வரலாற்றில் நிலைபெற்றது.

எகேரியா

அவருக்கு ஐம்பது ஆண்டுகளின் பின் வந்தவர் எகேரியா. 381 முதல் 384 வரையுள்ள ஆண்டுகளில் அவர் கீழை நாடுகளில் பயணம் செய்தார் என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். அவர் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து, பெரும்பாலும் இன்றைய ஸ்பெயினின் வடமேற்கிலிருந்து சென்றவர். தம் ஊரில் இருந்த சகோதரியர்க்கு மடலாக எழுதியதே அவர் நூல். அவர்கள் துறவு மடத்துக் கன்னியரா, இறைப்பற்றால் இணைந்த இல்லறப் பெண்டிரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் காணாதவர் என்பதில் ஐயமில்லை.

இந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறு, ஏட்டுச்சுவடிகளின் கதையை அறிந்த தமிழருக்குப் புதிதாகத் தோன்றாது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே காசினோ மடத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு படி, அரெட்சோ நகர நூலகத்தில் கிடந்தது. 1884இல் காமுர்ரீனி என்னும் அறிஞர் அதனைக் கண்டெடுத்தார். தொடக்க ஏடுகள் இல்லை, முடிவும் இல்லை, இடையிலும் சில ஏடுகள் வீழ்ந்துவிட்டன. எஞ்சியிருந்த பகுதியில் ஆசிரியர் பெயரும் இல்லை. முதலில் வேறொரு பெண்மணியின் பெயரால் அது அச்சேறியது. 7ஆம் நூற்றாண்டில் வலேரியுஸ் என்னும் துறவி தம் உடன்துறவியர்க்கு ஒரு பெண்ணின் பயணத்தைப் புகழ்ந்து எழுதிய மடல் உண்டு. அம்மடலோடு இந்நூலை ஒப்பிட்டு, இரண்டும் ஒருவரையே குறிப்பன என்று 1903இல் பெரோத்தின் என்னும் அறிஞர் நிறுவினார். அதன் பின்னரே எகேரியா என்னும் பெயர் அவருக்கு உரியதாயிற்று. பெயரின் வடிவமும் படிக்குப் படி வேறுபடுகிறது.

எஞ்சிய நூல் சீனாய் மலையடியில், ஒரு தொடரின் நடுவில் தொடங்குகிறது. அங்கு வாழ்ந்த துறவியர் எகேரியாவுக்கு வழிகாட்டினர். மலை செங்குத்தாக இருந்தமையால் ஊர்தி எதுவும் பயன்படவில்லை. அவர் காலால் நடந்தே ஏறினார். உச்சியில் அவ்விடத்துக்குரிய மறைநூற்பகுதி வாசிக்கப்பட்டது, வழிபாடு நிகழ்ந்தது, துறவியர் தம் தோட்டத்துப் பழங்களை அன்பளிப்பாகத் தந்தனர். ஓரிடத்தை அடைந்தால் முதலில் செபம், அடுத்து அவ்விடத்துக்குரிய வாசகம், பின்னர்த் திருப்பாடல், மீண்டும் செபம் என்பதைத் தம் வழக்கமாகவே அவர் குறிக்கிறார். பேருந்துப் பயணிகளின் இன்றைய முறைக்கு மூலம் இதுவே.

சீனாயில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. தாம் உச்சியில் நின்றபோது எகிப்தும், செங்கடலும், அலெக்சாந்திரியா வரை செல்லும் கடலும் கீழே தெரிந்தன என்று எகேரியா எழுதுகிறார். துறவியர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினர் என்றும் சொல்கிறார். சீனாய் மலையின் உயரம் 2285 மீட்டர். அங்கிருந்து மத்தியதரைக் கடலைக் காண்பது இயலாது. துறவியரின் விரல் சென்ற திசையில் எகேரியாவின் கண்ணும் சென்று, இல்லாததைக் கண்டது. பொய்யுரைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நம்பிக்கையோடு கேட்கப்படும் சொல்லுக்குக் கண்ணையும் ஆளும் வலிமை உண்டு என்பதற்கு இது சான்று.

ஆனால் அவரே மற்றோரிடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறார். நெபோ மலையிலிருந்து சாக்கடற் பக்கத்தை அவருக்குக் காட்டினர். சோதோம் அழிந்தபோது உப்புத்தூணாக மாறிய லோத்தின் மனைவி நின்ற இடமும் காட்டப்பட்டது. மறைநூல் கூறும் இடம். வழிகாட்டியோ ஓர் ஆயர். ஊரில் காத்திருக்கும் சகோதரியர் ஆவலோடு எதிர்பார்த்திருக்கக்கூடிய செய்தி. எகேரியாவோ, இடத்தைக் கண்டதாகவும் தூணைக் காணவில்லை என்றும் எழுதினார். இதில் உங்களை ஏமாற்ற என்னால் இயலாது என்னும் கருத்துப்பட ஒரு தொடரையும் சேர்த்தார். சில ஆண்டுகளுக்கு முன்னரே தூண் நீரில் மூழ்கிவிட்டது என்று ஆயர் சொன்ன விளக்கத்தையும் ஆயரின் கூற்றாகவே பதிந்தார். கண்டது, காட்டப்பட்டது, சொல்லப்பட்டது என்னும் மூன்றையும் அவர் இங்கே பிரித்து வைத்துள்ளார். அந்நூல் முழுவதையும் நாம் நம்பிப் படிப்பதற்கு இப்பகுதியே காரணமாகிறது.

எடெசா நகரத்து ஆயர், உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர் என்று அவரைப் பாராட்டி, நகரத்து இடங்களையெல்லாம் உடன்சென்று காட்டினார். அந்நகரத்து மன்னன் அப்காருக்கு இயேசு எழுதியதாகப் பழங்கதை கூறும் மடலின் படியொன்றையும் தந்தார். தம் ஊரிலும் அதன் படிகள் உண்டென்றும், ஆனால் இங்குப் பெற்றதே நிறைவுடையதாகத் தோன்றுகிறதென்றும் எகேரியா எழுதுகிறார். நல்ல பாடம் தேடிய ஒரு பதிப்பாசிரியரின் குரல் இதில் கேட்கிறது. ஆரான் நகரத்தில் ஆபிரகாமின் பழைய ஊரைப் பற்றி அவர் வினவியபோது, அப்பகுதி பாரசீகர் கையில் உள்ளமையால் உரோமையர் அங்குச் செல்ல இயலாது என்று அவ்வூர் ஆயர் விடையிறுத்தார். 363ஆம் ஆண்டுப் போருக்குப் பின் எல்லை மாறியதைக் காட்டும் இவ்விடை, நூலின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்க்குத் துணைசெய்தது.

மூன்று மொழிகள்

எகேரியா எருசலேமின் ஆண்டு வழிபாட்டை விரிவாக எழுதியுள்ளார். குருத்து ஞாயிறன்று ஒலிவ மலையிலிருந்து மக்கள் குருத்தோலைகளும் ஒலிவக் கிளைகளும் ஏந்தி நகருக்குள் இறங்குவர். நடக்கவியலாத குழந்தைகள் பெற்றோரின் தோளில் ஏறி வருவர். புனித வெள்ளியன்று திருச்சிலுவை மரத்தை மக்கள் ஒவ்வொருவராக முத்தமிடும்போது திருத்தொண்டர்கள் சூழ்ந்து நின்று காவல் செய்வர். முன்பொருமுறை யாரோ ஒருவர் முத்தமிடுவதுபோல் குனிந்து மரத்தின் துண்டைக் கடித்துச் சென்றுவிட்டாராம். அதனால்தான் காவல் என்று தமக்குச் சொன்னதை அவர் அப்படியே எழுதுகிறார்.

மொழி பற்றிய அவர் குறிப்பு தமிழாசிரியர்க்குத் தனிச்சுவை தருவது. ஆயருக்குச் சிரியாக் மொழி தெரிந்திருந்தும் அவர் எப்போதும் கிரேக்கத்திலேயே பேசுவார். அருகில் நிற்கும் குரு அதனைச் சிரியாக்கில் பெயர்த்துச் சொல்வார். இவ்விரண்டும் அறியாத இலத்தீன் மக்களுக்கு, இருமொழி அறிந்த சகோதர சகோதரியர் எடுத்து விளக்குவர். தமக்குப் புரியாத மொழியில் வழிபாடு நடக்கும்போது எவரும் வருந்தித் திரும்பக்கூடாது என்னும் கவலை அந்நகரத்துக்கு இருந்தது. வழிகாட்டுதலின் உயர்ந்த வடிவம் மொழிபெயர்ப்பே என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது.

அவர் எழுதிய இலத்தீன், இலக்கண ஆசிரியர் போற்றிய செவ்விலத்தீன் அன்று, பேச்சுவழக்கை ஒட்டியது. தொடக்கத்தில் இதனைக் குறையாகக் கண்டோரும் உண்டு. ஆனால் சுவீடன் நாட்டு அறிஞர் லோவ்ஸ்டெட் 1911இல் இந்நூலின் மொழிக்கென்றே ஒரு விரிவுரை எழுதினார். இலத்தீன் பிற்கால ஐரோப்பிய மொழிகளாக உருமாறிய படிநிலைகளை அறிய இந்நூல் இன்றியமையாத சான்று என்பது அதன்பின் தெளிவாயிற்று. இலக்கண வழுவென்று தள்ளப்பட்டவை மொழி வரலாற்றின் கருவூலமாயின.

மறுத்துரைத்தோர்

திருப்பயணத்தை ஐயுற்றோரும் அக்காலத்திலேயே இருந்தனர். எகேரியா பயணம் செய்த அதே காலப்பகுதியில் நீசா நகரத்து ஆயர் கிரகோரியும் எருசலேம் சென்றார். இடம் மாறுவதால் இறைவன் நெருங்கிவிடுவதில்லை என்று பின்னர் ஒரு மடலில் எழுதினார். நெடுவழி செல்லும் பெண்ணைக் குதிரைமீது ஏற்றவும் இறக்கவும் பிறர் கை வேண்டும் என்றும், அது அவள் நெறிக்குத் தகாது என்றும் அவர் வாதிட்டார். அவர் இவ்வாறு எண்ணிய நாளில் எகேரியா சீனாய் மலையைத் தம் காலால் ஏறி இறங்கியிருந்தார் என்பது வரலாற்றின் நயம்.

புனித எரோணிமுவும் ஒரு மடலில், எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் விண்ணக வாயில் ஒரே தொலைவில்தான் திறந்துள்ளது என்னும் பொருள்பட எழுதினார். ஆனால் அவரே பெத்லகேமில் வாழ்ந்தவர். அவரோடு 385இல் புனித நாட்டுக்கு வந்த உரோமைப் பெருமகள் பவுலா, பெத்லகேமில் துறவு மடங்களை நிறுவி, 404இல் அங்கேயே மறைந்தார். பவுலாவின் மறைவுக்குப் பின் எரோணிமு எழுதிய இரங்கல் மடலில் அவர் கண்ட இடங்கள் வரிசையாக வருகின்றன. இடம் வேண்டாம் என்று அறிவு சொன்னது. இடத்தின் பெயர்களை உச்சரிக்கும்போது நெஞ்சு இளகியது. இம்முரணே திருப்பயண இலக்கியத்தை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

மரக்கலமும் ஒப்பந்தமும்

இடைக்காலத்தின் பிற்பகுதியில் திருப்பயணம் ஒரு முறையான ஏற்பாடாக வளர்ந்தது. 1291இல் ஏக்கர் கோட்டை வீழ்ந்து சிலுவைப்போர் அரசு முடிவுற்ற பின், புனித இடங்களில் கத்தோலிக்கரின் பொறுப்பைப் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் ஏற்றனர். நேப்பிள்ஸ் அரசர் இராபர்ட்டும் அரசி சாஞ்சாவும் சுல்தானோடு நடத்திய பேச்சால் அவர்களுக்கு எருசலேமில் உரிமை கிடைத்தது. 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அப்பொறுப்பை உறுதிசெய்தார். அதுமுதல் மேலைநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டும் குரல் பெரும்பாலும் அவர்களுடையதாயிற்று.

கடல்வழியை வெனிசு நகரம் தன் கையில் வைத்திருந்தது. கப்பல் தலைவருக்கும் பயணிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. யாப்பா துறைமுகம் வரை சென்று மீள்வதற்கான கட்டணம், நாளுக்கு இருவேளை உணவு, சுல்தானின் அலுவலர்க்குச் செலுத்தும் வரிகள், கழுதைக் கூலி ஆகியவை அதில் அடங்கும். இன்றைய பயண நிறுவனங்கள் அச்சிடும் நிபந்தனைத் தாளின் முன்னோடி இதுவே.

அக்கப்பல்களில் சென்றவருள் உல்ம் நகரத்துத் தொமினிக்கன் சபைத் துறவி பேலிக்ஸ் பாப்ரி குறிப்பிடத்தக்கவர். 1480இல் முதல்முறை சென்றபோது புனித நாட்டில் அவருக்குக் கிடைத்தவை ஒன்பது நாள்களே. இரவும் பகலும் ஓடியோடிப் பார்த்தும் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. ஊர் திரும்பியவர் கிடைத்த நூல்களையெல்லாம் படித்து, 1483இல் மீண்டும் புறப்பட்டார். இரண்டாம் பயணத்தின் பயனே அவருடைய விரிந்த இலத்தீன் நூல்.

முதற்பயணத்தில் நிகழ்ந்ததாக அவர் கூறும் செய்தி ஒன்று நினைக்கத்தக்கது. கப்பலில் முதிய பெண்மணியர் அறுவர் ஏறினர். இக்கிழவியரோடு பயணம் செய்வதா என்று வீரப் பெருமக்கள் சிலர் முகம் சுளித்தனர். திரும்பும் வழியில் கப்பலில் நோய் பரவியது. இளையோரும் வீரரும் படுத்துவிட்டனர். அந்த முதிய பெண்களே நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்தனர். அவர்கள் எவரும் நூல் எழுதவில்லை. பாப்ரி எழுதியிராவிடில் அவர்கள் சென்றதும் தெரியாது, செய்ததும் தெரியாது.

இறங்கிய பயணிகளை இராம்லா என்னும் ஊரில் கூட்டி, பிரான்சிஸ்கன் தலைவர் 27 விதிகளை அறிவித்தார். வழிகாட்டியின்றித் தனியே செல்லலாகாது. இசுலாமியரின் கல்லறைகளை மிதிக்கலாகாது. அவர்கள் தொழும்போது நகைக்கலாகாது. திருக்கல்லறையிலிருந்தோ பிற இடங்களிலிருந்தோ கல்லைப் பெயர்க்கலாகாது. சுவர்களில் பெயரையும் குலச்சின்னத்தையும் கீறலாகாது என்பன அவற்றுட் சில. விதி இருந்தமையே பயணிகள் இவற்றையெல்லாம் செய்தனர் என்பதற்குச் சான்றாகும்.

பாப்ரிக்கு முன்னர், 1413இல் இங்கிலாந்தின் லின் நகரிலிருந்து புறப்பட்ட மார்ஜரி கெம்ப் என்னும் பெண்ணின் கதை வேறு வகையானது. பதினான்கு மக்களைப் பெற்ற தாய் அவர். வழிநெடுக இறைவனைப் பற்றியே பேசியதும் வாய்விட்டு அழுததும் உடன்சென்றோர்க்குப் பொறுக்கவில்லை. அவரை விலக்கி வைத்தனர். எருசலேமில் பிரான்சிஸ்கன் துறவியர் அவரிடம் பரிவு காட்டினர். இயேசு நோன்பிருந்த மலையில் ஏற இயலாமல் தவித்தபோது உடன்வந்த கிறித்தவர் கைகொடுக்கவில்லை. அவ்வழி வந்த இசுலாமியர் ஒருவர் சிறு காசு பெற்றுக்கொண்டு அவரை மேலே ஏற்றிவிட்டார். அவர் முதுமையில் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிய நூலின் ஒரே படி, 1934இல்தான் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் வீட்டில் வெளிப்பட்டது. எகேரியாவின் நூல் கிடைத்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு பெண்களின் சொற்கள் ஒவ்வொரு படியாலேயே அழிவினின்று தப்பின.

போகாதவர்க்கு அமைந்த பயணம்

பாப்ரி 1492இல் செருமன் மொழியில் மற்றொரு நூல் எழுதினார். மடத்தை விட்டு வெளியேற இயலாத தொமினிக்கன் கன்னியர்க்காக எழுதப்பட்டது அது. நாளுக்கு ஒரு பகுதியாக அதனைப் படித்துக்கொண்டே அவர்கள் மனத்தால் எருசலேம் சென்று மீளலாம். மடத்திலிருந்து செல்லும் இப்பயணிக்குக் கப்பலும் வேண்டா, சுல்தானின் இசைவும் வேண்டா. சாத்திய கதவும் இவரைத் தடுப்பதில்லை. எகேரியாவின் சகோதரியரைப் போல் இக்கன்னியரும் காணாதவரே. ஆனால் இப்போது காணாதவருக்கென்றே ஒரு பயணம் வகுக்கப்பட்டுவிட்டது.

இவ்வழியின் முடிவில் நிற்பது நாம் நன்கறிந்த சிலுவைப் பாதை. எருசலேம் செல்ல இயலாதோர்க்காக ஐரோப்பாவில் பாடுகளின் நிலைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபட்டது. 1584இல் வெளிவந்த, அத்ரிகோமியுஸ் என்னும் ஒல்லாந்து நாட்டுக் குருவின் எருசலேம் நூல் இந்நிலைகளின் வரிசையை வகுப்பதில் பெரும்பங்கு ஆற்றியது. அவர் எருசலேமைக் கண்டவரல்லர். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 14 நிலைகள் என்று வரையறுத்தார். வெரோனிக்கா திருமுகம் துடைத்தலும் மும்முறை கீழே விழுதலும் நற்செய்தி நூல்களில் இல்லாதவை. பக்தி மரபு சேர்த்தவை.

1906இல் இயேசு சபை அறிஞர் ஹெர்பர்ட் தர்ஸ்டன் இவ்வரலாற்றை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை வியப்பூட்டுவது. ஐரோப்பிய நூல்களில் உருவான வரிசையை நெஞ்சில் கொண்டு பயணிகள் எருசலேம் வந்தனர். தாம் படித்த நிலைகளைத் தேடினர். காலப்போக்கில் எருசலேமின் தெருவே அந்நூல்களுக்கு ஏற்ப அமைந்துகொண்டது. இடத்தைக் கண்டு எழுந்த நூல்கள் ஒரு காலம். நூலைக் கண்டு எழுந்த இடங்கள் மற்றொரு காலம். பிலாத்து தீர்ப்பளித்த இடம் நகரின் மேற்கே இருந்த ஏரோதின் அரண்மனையாகலாம் என்று ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர். அவ்வாறாயின் இயேசு சிலுவை சுமந்த வழி வேறாகும். அத்தெருவில் நூற்றாண்டுகளாக முழங்காலிட்டோரின் கண்ணீர் அதனால் பொய்யாகிவிடாது. ஆயினும் கண்ணீர் ஒன்று, கல்வெட்டு ஒன்று. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது.

நம் திசையில்

சொல்லால் இடம் அமைத்தல் தமிழுக்கும் தெரிந்த கலை. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் யூதேயா நாடு தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் பெற்று, நம் நிலத்தின் வளங்களோடு விளங்குகிறது. காப்பியத்துக்கு அவ்வுரிமை உண்டு. பயண நூலுக்கு அவ்வுரிமை இல்லை. காப்பியப் புலவன் ஆக்குகிறான். பயணி சான்று பகர்கிறான்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் பயணத்தை எளிதாக்கியது. தாமஸ் குக் 1869இல் புனித நாட்டுக்குச் சுற்றுலாக் குழுவை அழைத்துச் சென்றார். 1882இல் பிரான்சிலிருந்து அசம்ப்ஷனிஸ்ட் சபையினர் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தவமுயற்சித் திருப்பயணமாக எருசலேமுக்கு அழைத்துச் சென்றனர். 1964இல் ஆறாம் பவுல் அங்குச் சென்றார். பதவியில் இருக்கும்போது புனித நாடு சென்ற முதல் திருத்தந்தை என்று பாப்பரசர் வரலாறு அவரைக் குறிக்கும். தமிழ்நாடு அரசும் 2011-12ஆம் ஆண்டில் கிறித்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. பெத்லகேம், நாசரேத்து, யோர்தான் ஆறு, கலிலேயக் கடல் என்று நம் ஊர்களின் எளிய மக்களும் சென்று வந்துள்ளனர்.

சென்று வந்தோர் யோர்தான் நீரையும் ஒலிவ மரச் சிலுவையையும் கொண்டுவந்து அண்டை வீட்டார்க்குத் தந்து, திண்ணையில் அமர்ந்து தாம் கண்டதை உரைக்கின்றனர். அதுவும் ஓர் ஆற்றுப்படையே. அச்சில் வரும் பயணக் கட்டுரைகளில் பலவற்றிலோ அக்குரல் கேட்பதில்லை. வழிகாட்டி சொன்ன ஆண்டுகளும் அளவுகளும் வருகின்றன; எழுதியவரின் கண் வருவதில்லை. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கட்டுரையாக உள்ளது. அத்திண்ணையில் பேசிய முதியவளின் மொழியில், அவள் கால் வலித்த இடமும், எதிர்பார்த்துச் சென்று காணாத பொருளும், புரியாத மொழியில் தனக்கு ஒருவர் விளக்கிய நேரமும் எழுத்தாகுமானால், அது மொழிக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே ஆவணமாகும்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவிதையும் கண்டவர் காணாதவர்க்கு உரைப்பதே. வழிகாட்டியின் சொல் நமக்கும் உண்டு. மரபு, முன்னோர் உவமை, கேட்டுப் பழகிய தொடர் ஆகியவை நம் விரல் பிடித்து, தெரியாத கடலையும் தெரிவதாகக் காட்டுகின்றன. அக்கடலைக் கண்டதாக எகேரியாவும் ஒருமுறை எழுதினார். தூணைக் காணவில்லை என்பதையும் அவரே எழுதினார். முன்னதை மனித இயல்பென்று ஏற்றுக்கொள்ளலாம். பின்னதற்குப் பயிற்சியும் துணிவும் வேண்டும். ஊரில் காத்திருந்த சகோதரியர் மீது அவர் கொண்ட அன்பே அத்துணிவைத் தந்தது. நம்மை நம்பிக் கேட்போர்க்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதையும் அதுவே.